பழைய டேலியும் புதிய டேலியும் ஒரே கணினியில்: எந்த வழி தேவலாம்?

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு நின்றுவிட்டதால், சுங்கை சிப்புட்டில் நான் கணக்குப் பார்க்கும் கடைகளில் சிலர் புதுக் கணினிக்கு மாறினார்கள். அதில் டேலி கணக்கு மென்பொருளின் புதுப் பதிப்பான டேலிபிரைம் போடுவதில் யாருக்கும் சந்தேகமில்லை. பழைய பதிப்பான ஈஆர்பி 9-ஐ என்ன செய்வது என்பதுதான் கேள்வி. தூக்கிப்போட முடியாது. மலேசிய வருமான வரிச் சட்டப்படி கணக்குகளை ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும். 2019 கணக்கை 2026 முடியும் வரை, கேட்டால் எடுத்துக் காட்டியாக வேண்டும்.

வழி இரண்டு. ஒரே விண்டோஸில் இரண்டையும் தனித்தனி ஃபோல்டரில் போடலாம். அல்லது பழசை மட்டும் விர்ச்சுவல் மெஷினுக்குள், அதாவது கணினிக்குள்ளேயே தனியாக ஓடும் இன்னொரு கணினி போன்ற ஒன்றுக்குள், அடைத்து வைக்கலாம். செம்பனைக் குலை ஏற்றும் லோரி குத்தகைக்காரர் ஒருவருக்கு நான் செய்து கொடுத்தது முதல் வழி. என் ஓட்டும் அதற்குத்தான்.

விர்ச்சுவல் மெஷினைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதை உருவாக்கித் தரும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள் இலவசம்தான், ஆனால் உள்ளே போடும் விண்டோஸுக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். 8 ஜிபி ராம் உள்ள கணினியில் பாதியை அதற்குக் கொடுத்தால் மீதி எல்லாம் நத்தை வேகம். கார்பன் தாள் ஓடும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை உள்ளே இழுத்துக் கொடுப்பது இன்னொரு தலைவலி. கெட்டுப்போனால் பார்க்க ஈப்போவிலிருந்துதான் ஆள் வரணும். அதன் பலம் ஒன்றே ஒன்று: பழைய டேட்டா பக்கம் புது மென்பொருள் எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

அந்த ஒரு பலத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். விஷயமே அங்கேதான் இருக்கிறது. டேலிபிரைம் 3.0 முதல் பழைய கம்பெனியைத் திறக்கப் போனால், டேட்டாவைப் புது வடிவத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்கும். மாற்றியது மாற்றியதுதான், அதன்பிறகு ஈஆர்பி 9 அதைத் திறக்காது. கணக்கெழுதும் கிராணிப் பொண்ணு அவசரத்தில் ஒரு 'எஸ்' தட்டினால் போதும்.

ஆகவே முதல் வழியில் போகிறவர்கள் டேட்டாவைப் பிரிப்பதில்தான் கவனமாக இருக்கணும். செட்டப் ஓடும்போது, இருப்பதை மேம்படுத்தவா, புதிதாக நிறுவவா என்று வரும். புதிதாக என்பதையே எடுங்கள். பழைய டேட்டா ஃபோல்டர், அதாவது 10000, 10001 என்று ஐந்து இலக்கப் பெயரோடு இருக்கிறதே, அதை அப்படியே நகலெடுத்து வேறு இடத்தில் வையுங்கள். டேலிபிரைமின் டேட்டா பாதையில் அந்த நகலை மட்டும் காட்டுங்கள். கம்பெனிப் பட்டியலில் அந்தப் பாதையில் உள்ளவைதான் தெரியும். யாராவது வேறு பாதையைத் தேடிப் போனாலொழிய பழைய அசல் டேட்டா கண்ணில் படாது. அதற்கும் ஒரு காப்பு: பழைய பதிப்பில் கம்பெனிப் பெயரின் பின்னால் 'பழசு' என்று சேர்த்துவிடுங்கள். கூடவே ஒரு பிரதி பென்டிரைவில் ஏறி, முதலாளி வீட்டு அலமாரிக்குப் போகட்டும்.

நகலைப் புது வடிவத்துக்கு மாற்றி முடித்ததும் இரண்டு டேலியையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, டிசம்பர் 31 தேதிக்கு டிரயல் பேலன்ஸை, அதாவது எல்லாக் கணக்குகளின் மீதிப் பட்டியலை, ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் வழியை நான் விரும்புவதே இதற்காகத்தான். டீசல் செலவில் ஒரு வெள்ளி இடித்தாலும் அங்கேயே தெரிந்துவிடும். இரண்டும் 9000 என்ற போர்ட்டையே (மென்பொருள் பிறவற்றோடு பேசும் வாசல் எண்) கேட்பதால் முட்டிக்கொள்ளலாம். ஒன்றை 9001-க்கு மாற்றிவிட்டால் சரி.

பழக்கம்தான் கொஞ்சம் சிரமம். கிரெடிட் நோட்டுக்குப் பழசில் கன்ட்ரோல் எஃப்8, புதுசில் ஆல்ட் எஃப்6. விரல் ஒரு மாதம் தடுமாறும், பிறகு பழகிவிடும். லைசென்ஸ் விஷயத்தை விற்றவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். லைசென்ஸ் இல்லாமல் திறந்தால் கல்விப் பயன்பாட்டு முறையில்தான் ஓடும். மாதத்தின் சில தேதிகளில் மட்டுமே பதிவு போட விடும்.

நான் செய்தது ஒற்றை ஆள் உட்காரும் இடத்தில். இரண்டு மூன்று கிராணிகள் நெட்வொர்க்கில் ஒரே டேட்டாவைத் திறக்கும் கடையில் இதைச் செய்ததில்லை. தட்டுகிற விரல்கள் கூடக் கூட அந்த 'எஸ்' பயமும் கூடும். அப்படிப்பட்ட இடத்தில் ராமுக்குக் கொஞ்சம் செலவழித்து விர்ச்சுவல் மெஷின் பக்கம் போவதில் நியாயம் உண்டு.