தெள்ளுப்பூச்சி: மருந்து தரைக்கா, நாய்க்கா?

போன தை பிறக்க நான்கு நாள் இருக்கும்போது, ஐந்து வாரம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தோம். நாத்தனார் பிரசவத்துக்காகத் திருச்சி போயிருந்தோம். பொங்கலுக்கு முன்னால் ஒட்டடை அடித்து, வெள்ளையடிக்க ஆள் சொல்ல வேண்டும் என்ற நினைப்போடு உள்ளே நாலு எட்டு வைத்திருப்பேன். "அம்மா, காலெல்லாம் ஊறுது" என்றாள் மகள். குனிந்து பார்த்தால் அவள் கெண்டைக்காலுக்குக் கீழே எள்ளைத் தூவிவிட்டது போலக் கறுப்புப் புள்ளிகள். தட்டினால் துள்ளுகின்றன. விரலால் அழுத்தினால் நசுங்கவில்லை. இரண்டு நகத்துக்கு நடுவில் வைத்து நெரித்தால்தான் 'டக்' என்று உடைகிறது. தெள்ளு.

எங்கள் வீடு உச்சிப்புளிக்குத் தெற்கே, கடலுக்குப் போகும் பாதையில் இருக்கிறது. முன்பக்கம் டைல்ஸ். பின்தாழ்வாரம் மாமனார் காலத்துச் சிமெண்ட் தரை, இடையிடையே விரிசல் விட்டது. ஒரு நாய், ஒரு பூனை, கொல்லையில் நான்கு வெள்ளாடு. இந்தக் கரையில் பெரும்பாலான வீடுகளின் கணக்கு இதுதான் என்பதால்தான் இதை எழுதுகிறேன். முதலில் ஆளைக் கூப்பிட்டுத் தரைக்கு மருந்தடித்தேன். அது கைவிட்டபின் நாய்க்கும் பூனைக்கும் மருந்து போட்டேன். என் ஓட்டு இரண்டாவதுக்குத்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கைவைத்தியங்களைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம். வேப்பிலைப் புகை போட்டால் வளர்ந்த பூச்சி கொஞ்சம் ஒதுங்கும், அவ்வளவுதான். தரையில் உப்பைத் தூவச் சொன்னார்கள். நம் கடற்காற்றில் உப்பு ஒரே ராத்திரியில் கசிந்து தரை பிசுபிசுக்கிறது. தெள்ளின் புழுவுக்கு ஈரம்தான் பிடிக்கும், அதனால் இது எதிர்வேலை. மண்ணெண்ணெய் தெளிப்பது வேண்டவே வேண்டாம், அடுப்பு எரிகிற வீடு. ஒன்றை மட்டும் நான் விடவில்லை. ராத்திரி ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு, பக்கத்தில் தரையோடு ஒரு சின்ன விளக்கு வைப்பது. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் துள்ளி வந்து விழுந்து அமிழ்ந்துவிடும். இதனால் வீடு சுத்தமாகாது. ஆனால் காலையில் எத்தனை விழுந்திருக்கிறது என்று எண்ணி காலண்டரில் குறித்துக்கொண்டே வந்தேன். எந்த மருந்து வேலை செய்தது என்று நான் சொல்வதெல்லாம் அந்தக் காலண்டரை வைத்துத்தான்.

தரை மருந்துக்கு வருவோம். வந்த தம்பி முதுகில் டேங்கோடு மூன்று அறையும் தாழ்வாரமும் அடித்துக் கொடுத்தார். 2,800 ரூபாய். "ஒரு தடவை போதும்க்கா, மூணு மாசத்துக்கு எட்டிப் பார்க்காது" என்றார். நாலு மணி நேரம் வெளியில் இருந்தோம். அடிப்பதற்கு முந்தின ராத்திரி தாம்பாளத்தில் 46. மறுநாள் 5, அதற்கடுத்த நாள் 2. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. பத்தாம் நாள் 19. பதிமூன்றாம் நாள் 38.

அந்தத் தம்பி ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. பூச்சியின் பிறப்பு வளர்ப்பு அப்படி. முட்டை, புழு, கூடு, பூச்சி என்று நான்கு நிலை. ஒரு பெண் தெள்ளு ரத்தம் குடித்து ஓரிரு நாளில் முட்டையிடத் தொடங்கி, ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது வரை இடும். முட்டை ஒட்டாது. நாய் படுக்கிற இடம், உடம்பை உதறுகிற இடமெல்லாம் உதிரும். பொரித்து வரும் புழு வெளிச்சத்தைக் கண்டால் ஓடி விரிசலுக்குள்ளும் பாய்க்கு அடியிலும் போய்விடும். தாய்ப்பூச்சி கழித்துவிட்ட காய்ந்த ரத்தம்தான் அதற்குத் தீனி. அப்புறம் பசைபசையான நூலால் கூடு கட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரிகிற பூச்சி மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்துதான், மீதி 95 பங்கு முட்டையும் புழுவும் கூடுமாகத் தரையில் கிடக்கிறது என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள்.

அந்தக் கூடுதான் எல்லாவற்றுக்கும் மூலம். தாழ்வார நிலைப்படி ஓரத்து விரிசலை ஊக்கால் கிளறி வெள்ளைத் துணியில் கொட்டிப் பார்த்தேன். வெறும் மணல் போலத்தான் இருந்தது. உற்றுப் பார்த்தபோது அரிசிக் குருணை அளவில், சுற்றிலும் மணல் ஒட்டிய உருண்டைகள். ஒன்றை ஊசியால் பிரித்தேன், உள்ளே கால்களை மடக்கி வைத்துக்கொண்டு முழுப் பூச்சி. அந்த மணல் சட்டைக்குள் மருந்து இறங்காது. வீட்டில் ஆளில்லை என்றால் அது வாரக்கணக்கில், நான்கைந்து மாதம்கூட, அப்படியே காத்துக் கிடக்கும். காலடி அதிர்வும் உடம்புச் சூடும் மூச்சுக்காற்றும் பட்டால் சில நொடியில் கிழித்துக்கொண்டு வெளியே வரும். பூட்டிய வீட்டைத் திறந்ததும் மகள் காலில் அத்தனையும் ஒன்றாக ஏறியது அதனால்தான்.

அப்படியானால் தரையில் அடித்த மருந்து பல வாரம் தரையிலேயே தங்கியிருக்க வேண்டும். கூட்டிலிருந்து பிறகு வருவது அதன்மேல் நடந்து சாக வேண்டும். அதற்காகத் தரையை ஈரத்துணியால் துடைக்கக்கூடாது என்று அந்தத் தம்பியும் சொல்லித்தான் போனார். இந்தக் கரையில் எந்த வீட்டில் அது நடக்கும்? தாழ்வாரத்தில்தான் மீன் ஆய்கிறோம். செதிலும் ரத்தமும் கழுவி விடாமல் எப்படி இருப்பது? காற்றடிக்கிற மாதத்தில் காலையில் பெருக்கினால் மத்தியானம் மணல் கரகரக்கிறது. மூன்றாம் நாளே கழுவினேன். 2,800 ரூபாய் மருந்தும் அந்தத் தண்ணீரோடு போனது.

போனது எங்கே என்பதும் உறுத்துகிறது. இந்த வகை மருந்துகள் பெரும்பாலும் பைரித்திராய்டு இனம். மனிதருக்குச் சொன்ன அளவில் பெரிய கெடுதல் இல்லை என்றாலும் மீனுக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் கடும் விஷம். நம் வீட்டுச் சாக்கடை எங்கே போய்ச் சேர்கிறது என்று நமக்குத் தெரியும். முற்றத்தில் கருவாடு காய்கிற வீட்டில் அடிப்பதாக இருந்தால் ஒரு துண்டு விடாமல் முதலில் அள்ளிவிடுங்கள்.

மருந்து தோற்றதும் வீட்டில் வேறு பேச்சு எழுந்தது. "நாயைக் கொண்டுபோய்ச் சந்தைப்பக்கம் விட்டுட்டு வந்துருத்தா, எல்லாம் அதால வந்த வினை" என்றார் அத்தை. கொசுவலைக்குள் உட்கார்ந்து பேத்தியின் காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார். அவர் ஆதங்கம் நியாயம். பிள்ளை காலில் சொறிந்து சொறிந்து புண். ஆனால் நாயை விரட்டியிருந்தால் எங்கள் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். தரையில் கிடக்கிற கூடுகள் நாயோடு போகாது. வெளியே வருகிற பூச்சிக்கு நாய் கிடைக்காவிட்டால் மிச்சம் இருப்பது நாம்தான். எங்கள் நாய் அந்த ஐந்து வாரமும் கொழுந்தனார் வீட்டில் இருந்தது. நாயில்லாத வீட்டில்தான் அத்தனை தெள்ளும் காத்துக் கிடந்தது. இதைச் சொன்னதும் அத்தை யோசித்தார். "அப்ப அதுக்கே மருந்து போட்ருவமா" என்று கேட்டதும் அவர்தான்.

கால்நடை மருந்தகத்து டாக்டரம்மா முதலில் ஒரு வேலை சொன்னார். நாயை வெள்ளைத் துணிமேல் நிறுத்தி முதுகைச் சீவினால் மிளகுத்தூள் போலக் கறுப்பாக உதிரும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள் என்றார். விட்டேன். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் செம்பழுப்பாக ஒரு வட்டம் பரவியது. அது தூசி இல்லை, நாயின் ரத்தம். அதுவரை வீட்டைப் பற்றி மட்டுமே கவலைப்பட்ட எனக்கு, அந்த வாயில்லா ஜீவன் என்ன பாடு பட்டிருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

நாய்க்கு ஃபிப்ரோனில் சொட்டு மருந்து. சின்னக் குழலில் வருகிறது, எடைக்குத் தக்க அளவு. பிடரியில் மயிரை விலக்கித் தோலிலேயே படும்படி விட வேண்டும், நக்க எட்டாத இடம். எனக்கு ஒரு குழல் 400 ரூபாய்க்குள் ஆனது. மாதம் ஒன்று. இது தரை மருந்தை ஜெயிப்பது எப்படி என்றால், பூச்சியைத் தேடி மருந்து போக வேண்டியதில்லை. கூட்டிலிருந்து எப்போது வெளியே வந்தாலும் பூச்சி ரத்தத்தைத் தேடி நாய்மேல் தானாகவே ஏறும். ஏறினது ஒரு நாளுக்குள், பெரும்பாலும் முட்டையிடுவதற்கு முன்பே, செத்துவிடும். புது முட்டை உதிராவிட்டால் தரையில் இருக்கிற இருப்பு குறைந்துகொண்டே வந்து தீர்ந்துபோகும். நடுவில் நான் தரையை எத்தனை தடவை கழுவினாலும் மருந்துக்கு ஒன்றும் ஆகாது.

பொறுமைதான் இதற்கு விலை. முதல் வாரம் தாம்பாளத்தில் 30, 34 என்றே இருந்தது. இரண்டாம் வாரம் 21. மூன்றாம் வாரம் திடீரென 29க்கு ஏறியதும் மனசே விட்டுப்போச்சு. கிடந்த கூடுகள் ஒரே நேரத்தில் திறந்திருக்கின்றன. அந்த இடத்தில்தான் பலர் 'மருந்து சரியில்லை' என்று நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவது குழலைத் தேதி தவறாமல் விட்டேன். ஆறாம் வாரம் 6. பத்தாம் வாரத்திலிருந்து சேர்ந்தாற்போலப் பூஜ்யம். மூன்று மாதம், ஒரு தவணைகூடத் தவறாமல். இடையில் பத்து நாள் தள்ளிப்போட்டால் அந்தப் பத்து நாளில் விழுகிற முட்டை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிடும்.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. சொட்டு மருந்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் நாய் நனையக்கூடாது. எங்கள் நாய் கரைவலை இழுக்கிறவர்களோடு தினமும் தண்ணீருக்குள் இறங்குகிற ஆள். அந்த நாலு நாளும் கட்டிப்போட்டோம், ஒரே ஓலம். நாலாவது மாதம் டாக்டரம்மா சொல்லி ஃப்ளூரலானர் மாத்திரைக்கு மாறினேன். ரத்தம் வழியாக வேலை செய்வதால் கடலில் குதித்தாலும் கவலையில்லை, ஒரு மாத்திரை 12 வாரம் தாங்கும். விலை சொட்டு மருந்தைப் போலப் பல மடங்கு. வலிப்பு வந்த நாய்க்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது. இதுவரை இரண்டு மாத்திரைதான் கொடுத்திருக்கிறேன், நன்றாகவே இருக்கிறது. வருஷக்கணக்கில் கொடுத்துப் பார்த்த அனுபவம் எனக்கில்லை.

பூனை விஷயத்தில் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். நாய்க்கு வாங்கியதில் மிச்சத்தைப் பூனைக்கு விடாதீர்கள். நாய் மருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். பூனைக்கு அது நடுக்கமும் வலிப்பும் வந்து உயிரையே எடுத்துவிடும். பூனைக்கென்று தனிக் குழல் இருக்கிறது. எட்டு வாரம் ஆகாத குட்டிக்கு அதுவும் வேண்டாம். பேன் சீப்பால் வாரி, சோப்புத் தண்ணீரில் சீப்பை முக்கி எடுத்தால் போதும்.

தரையை அப்படியே விட்டுவிடலாம் என்று சொல்ல வரவில்லை. விரிசலும் நிலைப்படி ஓரமும் ஈர்க்குமாற்றால் தினம் குத்திக் குத்திப் பெருக்கினேன். அந்த அதிர்விலேயே கூடுகள் திறக்கும், நாய் அருகில் இருந்தால் நல்லது. வாரிய குப்பையைச் சோப்புத் தண்ணீரில் கொட்ட வேண்டும். நாய் படுத்த சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் போட்டேன். குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிற தெருவில் வீட்டையே வெந்நீரால் கழுவு என்று சொல்ல எனக்கு மனசில்லை, சாக்குக்கு ஒரு குடம் போதும். பனையோலைப் பாயை உச்சி வெயிலில் மணலில் கிடத்தினேன். வெயில் நேராக விழும் வெறும் மணலில் புழு தாங்காது, அதனால் முற்றம் முழுக்க எதுவும் அடிக்க வேண்டியதில்லை. நிழலைத்தான் பார்க்க வேண்டும்: கீற்றுக் குவியலுக்கு அடியில், பழைய வலை மூட்டைக்குப் பின்னால், திண்ணைக்குக் கீழே. வலையை எடுத்து உதறி இடம் மாற்றியதே எங்களுக்குப் பெரிய வித்தியாசம் தந்தது.

ஆடுகளுக்கு நாய் மருந்தைப் போடக்கூடாது. பாலும் கறியும் நாம் சாப்பிடுவது. டாக்டரம்மா டெல்டாமெத்ரின் கலந்து தேய்க்கச் சொல்லி அளவு எழுதித் தந்தார், இரண்டு தடவை செய்தேன். அந்தத் தண்ணீரை ஊருணிப் பக்கம் கொட்டாதீர்கள், பூனையையும் கிட்டே விடாதீர்கள். என் கொட்டில் நான்கு ஆட்டுக் கொட்டில். முப்பது நாற்பது ஆடு அடைக்கிற மண்தரைக் கொட்டிலுக்கு இதே போதுமா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

தரை மருந்துக்கும் இடம் உண்டு. வாடகைக்குப் போன வீட்டில் முன்னால் இருந்தவர்களின் நாய் விட்டுப்போன தெள்ளு என்றால், மருந்து போட உங்களிடம் நாய் இல்லை, அங்கே அடித்துத்தான் ஆக வேண்டும். அப்போது வருகிறவரிடம் பைரிப்ராக்ஸிஃபென் சேர்ப்பீர்களா என்று கேளுங்கள். அது முட்டையையும் புழுவையும் வளரவிடாமல் தடுப்பது. கூட்டை அதுவும் ஒன்றும் செய்யாது. அதனால் அடித்தபின் வீட்டைப் பூட்டி வைக்காமல் உள்ளே நன்றாக நடமாடுங்கள், இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை அடிக்கச் சொல்லிப் பேசி வையுங்கள்.

மழைக்காலத்து ஈரத்தில்தான் இது பெருகுகிறது. அதனால் காலண்டரில் புரட்டாசி கடைசி வாரத்தில் நாய்க்கு ஒரு வட்டம், பூனைக்கு ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். தாம்பாளமும் விளக்கும் பரணில் இருக்கிறது. ஐப்பசி முதல் மழைக்கு மறுநாள் ராத்திரி இறக்கி வைத்துப் பார்க்க வேண்டும்.