கோத்தகிரி ஏற்றத்தில் 7 வருடம்: இரண்டாவது கியரைப் பற்றி மட்டும்

போன மாதம் கிளட்ச் மாற்றினேன். பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும், கூலியோடு 11,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது. அதே வாரம் கோயம்புத்தூரிலிருந்து மச்சான் போன் செய்து, "மாமா, சின்ன காருக்கெல்லாம் ஜிஎஸ்டி குறைஞ்சிடுச்சே, உங்க வண்டியையே கண்ணை மூடிட்டு வாங்கிடலாமா?" என்று கேட்டான். 4 மீட்டர் நீளத்துக்கும் 1,200 சிசிக்கும் மிகாத பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது, ஆசை வருவது நியாயம்தான். கிளட்ச் பில் கையில் இருந்த நேரம், போனில் ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வண்டி 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது, ஐந்து கியர். 2018-இல் எடுத்தது, இப்போது 82,000 கிலோமீட்டர். வீடு கோத்தகிரியில். அம்மாவுக்கு மாதம் ஒருமுறை கோவையில் செக்கப் இருப்பதால் மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுவது தவறாது. சீட், ஏர்பேக், பாட்டு சமாச்சாரமெல்லாம் ஷோரூமிலேயே தெரிந்துவிடும். அங்கே தெரியாதது இரண்டாவது கியர்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர்தான், ஆனால் அதற்குள் 1,400 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். குஞ்சப்பனை தாண்டி ஒரு வளைவுக்குள் நுழையும்போது வேகம் 12, 15-க்கு வந்துவிடும். அந்த வேகத்தில் இரண்டாவது கியர் இருந்தால் எஞ்சின் ஆயிரம் ஆர்பிஎம்மில் (நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்று) கிடந்து முக்கும், ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் ஸ்டியரிங்கில் நடுக்கம்தான் வரும். சரி, முதல் கியருக்குப் போகலாம் என்றால் உருண்டுகொண்டிருக்கும்போது அது லேசில் விழாது. விழுந்தாலும் இருபது அடி போவதற்குள் கத்த ஆரம்பித்துவிடும், மறுபடி இரண்டாவதைப் போட்டால் மறுபடி முக்கல். இந்த இரண்டு கியருக்கும் நடுவில் ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று ஏழு வருடமாக ஒவ்வொரு வளைவிலும் நினைக்கிறேன்.

உயரமும் சேர்ந்துகொள்கிறது. கோத்தகிரி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஊட்டியில் கால் பங்குக்குப் பக்கத்தில். டர்போ இருந்தால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளி ஓரளவு ஈடுகட்டிவிடும். இல்லாத எஞ்சினுக்குக் கிடைக்கிற காற்றுதான், அதற்கேற்ற இழுவைதான். ஐந்து பேர், டிக்கியில் அரிசி மூட்டை என்று ஏறிப் பாருங்கள், புரியும்.

மழைக்காலத்தில் இன்னும் மோசம். மேகம் ரோட்டில் இறங்கியதும் உள்ளே இருக்கிற ஐந்து பேரின் மூச்சுக்கு முன் கண்ணாடி ஒரு நிமிஷத்தில் வெளுத்துவிடும். ஏசி போட்டால்தான் தெளியும். ஏசி போட்டால் இருக்கிற கொஞ்ச இழுவையும் போய்விடும். வளைவுக்கு முன்னால் ஏசியை அணைத்து, தாண்டியதும் போட்டு, மறுபடி அணைத்து, கூடவே மனைவி துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வருவாள். குழந்தைகளை வைத்துக்கொண்டு இப்படி ஓட்டுவது எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

கிளட்ச் போனதற்கு வண்டியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். மலை ரோட்டில் இடம் போதாத இடத்தில் இறங்குகிற வண்டிதான் நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும், சட்டமே அப்படித்தான். ஆனால் மே மாதத்தில் ஊட்டியிலிருந்து திரும்புகிற வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள். அவ்வளவும் எங்களுக்கு எதிரே வரும், பாதிப் பேர் வளைவை அறுத்துக்கொண்டு வருவார்கள். ஏறுகிறவன் அப்படியே நின்று, அரை கிளட்சில் தொங்கி, பின்னால் பஸ் முட்டாமல் மறுபடி எடுக்க வேண்டும். அந்தக் கருகல் வாடை அடித்தால் அம்மா பின்சீட்டிலிருந்து, "ஏதோ தீயற வாசம் வருதுப்பா" என்பார். இப்போதெல்லாம் கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்து முதல் கியரில்தான் எடுக்கிறேன். முதல் நாளிலிருந்தே இப்படிச் செய்திருந்தால் பழைய பிளேட் இன்னும் கொஞ்ச நாள் வந்திருக்கும்.

இறங்கும்போது இதே கியர் தங்கம். இரண்டாவதில் போட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் பெரும்பாலான சரிவுகளில் 30, 35-க்கு மேல் போகாமல் வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, வளைவுக்கு வளைவு பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். கியரில் இறங்கும்போது, எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டர் அதை நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடிக்கிறது, பிரேக்கும் சூடேறுகிறது. என் முன் பிரேக் பேட் 58,000 வரை வந்தது. மேட்டுப்பாளையத்தில் மாற்றிய மெக்கானிக் பழைய பேடைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மலை வண்டியா இது?" என்று கேட்டார்.

மற்றபடி ஒரு தொந்தரவு இல்லை. ஜனவரிக் குளிரில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிற காலையிலும் ஒரே சாவியில் எடுக்கும். ஏறி இறங்கி 13, கீழே சமவெளியில் 18 மைலேஜ். அம்மாவுக்கு முட்டிவலி, ஆனால் இதன் சீட் உயரம் அவருக்கென்றே அளவெடுத்த மாதிரி, யார் கையையும் பிடிக்காமல் உட்கார்ந்து காலை உள்ளே எடுத்து வைத்துக்கொள்வார். அதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த வண்டிமேல் இருக்கிற கோபம் அடங்கிவிடும்.

இருந்தும் மச்சானிடம் வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன். அவன் பாதி வாரம் கோவையில் இருந்தாலும் மீதி நாள் இங்கே வந்து போகிறவன், அதுவும் குடும்பத்தோடு. வரி குறைந்த காசில் சின்ன டர்போ எஞ்சின் இருப்பதாகப் பார்க்கட்டும். இல்லை, இதுதான் வேண்டும் என்றால், கோவையில் சமமான அவிநாசி ரோட்டில் டெஸ்ட் டிரைவ் பார்த்துவிட்டு முடிவு செய்யாதே மாப்ளே. வாடகைக்காவது ஒன்றை எடுத்து, நீலகிரிக்குள் வர இ-பாஸ் போட்டுக்கொண்டு, அக்கா பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்தில் கல்லாறு வரை வா. அங்கிருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவு. முதல் இரண்டில் ஓரமாக நிறுத்தி, ஏசியைப் போட்டு, மறுபடி எடுத்துப் பார். நானும் கூட வருகிறேன்.