21 நாள் இரவல் சிரிப்பு

முதலீட்டு வங்கி ஒன்றில் இரண்டாண்டுகள் இளநிலைப் பகுப்பாய்வாளனாக இருந்துவிட்டு வெளியேறியவன் நான். அந்த வேலையைக் கேலி செய்யும் ஆங்கில நாவல் கண்ணில் பட்டால் இன்றும் விடுவதில்லை. சிங்கப்பூரின் தேசிய நூலக வாரியம் மின்னூல்களை இரவல் தரும் லிப்பி செயலியில்தான் அவற்றைப் படிக்கிறேன். இந்த விமர்சனம் செயலியைப் பற்றியதுதான் என்றாலும், எதைப் படிக்க அதை நாடினேன் என்று சொல்லாமல் அதன் அருமையை விளக்க முடியாது.

வங்கியில் இருந்த நாளில், நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் நான் அலுவலகத்தை விட்டு வெளியே வந்ததாக நினைவில்லை. நூலக உறுப்பினருக்கு இச்செயலி இலவசம். 21 நாள்கள் முடிந்ததும் நூல் தானாகவே திரும்பிப் போய்விடுவதால் தாமதக் கட்டணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதே நூலை மறுபடி எடுத்தால், விட்ட பக்கத்திலேயே திறக்கிறது. அப்படித்தான் ஒரே நாவலை நான்கு முறை இரவல் வாங்கி முடித்தேன். முன்பதிவு செய்த நூலுக்கு நம் முறை வரும்போது நேரமில்லை என்றால், வரிசையில் இடத்தை இழக்காமலேயே சில நாள்கள் தள்ளிவைக்கவும் வழியுண்டு. எந்த மேலாளரும் எனக்குக் காட்டாத சலுகை அது.

இவ்வகை நாவல்களுக்குக் கதைப்பின்னல் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு மேலாளர் விளக்கப்படக் கோப்பில் சிவப்பு மையால் கிறுக்கி அனுப்புவார். சனி, ஞாயிறு இரண்டும் எழுத்துருவைச் சீராக்குவதில் கரையும். திங்கட்கிழமை சந்திப்பு ரத்தாகும். இதை முந்நூறு பக்கத்துக்கு நீட்டும்போது சிரிப்பை வரவழைப்பது மிகைப்படுத்தல் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் எழுத்தாளர்கள் குறைத்துத்தான் சொல்கிறார்கள். 2021ஆம் ஆண்டில் அமெரிக்க முதலீட்டு வங்கியான கோல்ட்மேன் சாக்ஸின் முதலாண்டு ஊழியர்கள் 13 பேர் தங்களுக்குள் ஒரு கருத்தாய்வு நடத்தினர். வாரத்துக்குச் சராசரியாக 95 மணி நேர வேலை, இரவில் ஐந்து மணி நேரத் தூக்கம் என்று அதில் பதிவாகியிருந்தது. தங்கள் குறைகளை அவர்கள் தொகுத்திருந்த விதம்தான் விசேஷம்: வாடிக்கையாளருக்குத் தயாரிப்பதைப் போலவே, வரைபடங்களோடு கூடிய விளக்கப்படக் கோப்பு! நாவலாசிரியர் யாராவது இப்படி எழுதியிருந்தால், நம்பும்படியாக இல்லை என்று பதிப்பாசிரியரே அடித்திருப்பார்.

சிங்கப்பூர் வாசகருக்கு இதில் கூடுதலாக ஒரு சுவை உண்டு. வேலை நியமனச் சட்டத்தின் நான்காம் பகுதி வாரத்துக்கு 44 மணி நேரம் என்று வரம்பு வகுத்தாலும், அது மேலாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் பொருந்தாது. வேலையில் சேர்ந்த முதல் நாளே நம் பையனுக்கு நிர்வாகி என்ற பட்டம் கிடைக்கிறது. வீட்டில் எல்லாரும் பூரித்துப்போகிறார்கள். குமாஸ்தாவையும் மேனேஜரையும் வைத்து நம் பத்திரிகைக் கதைகள் எவ்வளவோ சிரிக்க வைத்திருக்கின்றன. வங்கிகள் நிறைந்த ராஃபிள்ஸ் பிளேஸில் நள்ளிரவில் விரிதாளோடு மல்லுக்கட்டும் பிள்ளையைப் பற்றிய தமிழ் நாவல் மட்டும் என் கண்ணில் இன்னும் படவில்லை.

ஒலிநூல் பகுதியில், குறித்த நேரத்தில் தானே நின்றுவிடும் வசதியைச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். ராஃபிள்ஸ் பிளேஸிலிருந்து ஈசூன் போகும் ரயிலில் பதினைந்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்வேன். பீஷான் வருவதற்குள் தூங்கிவிடுவேன் என்பதால் கதையில் அதிகம் தவறவிட மாட்டேன். இறங்க வேண்டிய இடத்தில் எழுப்பிவிடும் வசதி அதில் கிடையாது. ஈசூனைத் தாண்டி, செம்பவாங்கில் கண்விழித்த நாள்களும் உண்டு.

ஒரு மின்பிரதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்க முடியும் என்பதால் காத்திருக்கும் பொறுமை வேண்டும். அண்மையில் முன்பதிவு செய்த நாவலுக்கு எனக்கு முன்னால் மூன்று பேர் இருக்கிறார்கள். மூவரும் வங்கிக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். ஒருவரும் 21 நாளில் முடிக்கப்போவதில்லை.