வானிலையியலா, ஏரோனமியா?

வானத்தைப் பற்றிப் படிக்க வானிலையியலை எடுப்பதா, மேல் காற்றுமண்டலத்தை ஆராயும் ஏரோனமியை எடுப்பதா? மதுரையில் வானம் என்றாலே மழைப் பேச்சுதான். வைகையில் தண்ணீர் வருமா, தெப்பக்குளம் நிறையுமா என்பதுதான் கவலை. அது வானிலையியலின் வேலை. மேகம், மழை எல்லாம் நம் பக்கம் தரையிலிருந்து சுமார் 16, 17 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். இயற்பியல் படித்துவிட்டு வேலை தேடுபவருக்கு இதில்தான் வழி அதிகம்.

ஏரோனமி அதற்கும் மேலே. சூரியனின் புறஊதாக் கதிர் மூலக்கூறுகளைப் பிளந்து எலக்ட்ரானை உருவியெடுக்கும் உயரங்களை ஆராய்வது. 1946-ல் இந்தப் பெயரை முன்வைத்தவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி சிட்னி சாப்மன். கருவிகளும் வேறு. வானிலை பலூன் 30 கிலோமீட்டரைத் தாண்டினால் பெரும்பாலும் வெடித்துவிடும். 100 கிலோமீட்டரில் செயற்கைக்கோள் தாக்குப்பிடிக்காது. இடைப்பட்ட இடத்தில் நேரில் போய் அளக்க ராக்கெட்தான் கதி. 1963-ல் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவிலிருந்து ராக்கெட் ஏவியதற்குக் காரணமே காந்த நடுக்கோடு பக்கத்தில் ஓடுவதுதான். பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் கோடு அது; அதற்கு மேலே உள்ள மின்னேற்றம் பெற்ற காற்று தனி விதமாக நடந்துகொள்ளும். அந்தக் கோடு நம் தென்மாவட்டங்களையும் ஒட்டிப் போகிறது. அதனால் நம்மூர்க்காரருக்கு ஏரோனமிதான் ருசியான பாடம் என்பேன். கொடைக்கானல் ஆய்வகத்தில் சூரியனை மட்டுமா பார்த்தார்கள்? ரேடியோ அலையை மேலே அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து அயனி மண்டலத்தின், அதாவது எலக்ட்ரான் பிரிந்து மின்னேற்றம் பெற்ற அந்த மேல் காற்றடுக்கின், உயரத்தையும் அளந்தார்கள். டூர் போகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

சரி, நமக்கென்ன பயன் என்றால், பொழுது சாய்ந்தபின் சில நாட்களில் அயனி மண்டலத்தில் எலக்ட்ரான் குறைந்த குமிழிகள் கிளம்பும். அவற்றைக் கடந்து வரும் ஜிபிஎஸ் சிக்னல் தடுமாறும். வானத்தில் ஒரு மேகம்கூட இருக்காது.