பனை ஓலை கிறிஸ்துமஸ் அலங்காரப் பெட்டி: ஓலைக்கு முழு மதிப்பெண், விளக்கத்தாளுக்குப் பாதிகூட இல்லை

இந்தப் பெட்டியை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஓலைக்காக வாங்கலாம். உள்ளே இருக்கும் விளக்கத்தாளை நம்பி வாங்க வேண்டாம். திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரைப் பக்கம் ஓலை பின்னும் பெண்கள் சிலர் சேர்ந்து இதைத் தபாலில் அனுப்புகிறார்கள். குறைகளையும் எழுதப்போவதால் குழுவின் பெயரைப் போடவில்லை. விலை 650 ரூபாய், தபால் செலவு தனி.

எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் மரத்துக்கு ஒரு கரு உண்டு. அதை முடிவு செய்யும் அதிகாரம் என் மதினியிடம் இருக்கிறது, மேல்முறையீடு கிடையாது. கடல், பறவைகள், வெள்ளை நிறம் மட்டும் என்று பலவும் பார்த்துவிட்டோம். கடையில் வாங்கிய உருண்டைகள் மரத்தில் ஏறக் கூடாது, தொங்குவதெல்லாம் வீட்டார் கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பறவைகள் என்று கரு வைத்த ஆண்டில் நடந்தது இதுதான்: மதினி கம்பளித் துணியில் தைத்த மீன்கொத்தி அச்சு அசலாக இருந்தது, பிள்ளைகள் களிமண்ணில் பிடித்தவற்றைப் பறவை என்று நம்புவதற்கே விசுவாசம் தேவைப்பட்டது. மீன்கொத்தி முன்கிளையிலும் மற்றவை சுவர்ப் பக்கத்திலும் தொங்கின. சின்னவள் அதைக் கவனித்துவிட்டாள்.

அதனால்தான் இம்முறை உருவத்தை விட்டுவிட்டுப் பொருளையே கருவாக வைக்கலாம் என்று நான் வாதாடினேன். எல்லாம் ஒரே ஓலை, ஒரே நிறம் என்றால் கோணல் நட்சத்திரமும் நேர்த்தியான நட்சத்திரமும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாகத் தெரியும். ஜெர்மனியில் வைக்கோல் நட்சத்திரங்களை மட்டுமே தொங்கவிடும் வீடுகள் உண்டு. அவர்களுக்குக் கோதுமைத் தாள் என்றால் நமக்குப் பனை ஓலை. திசையன்விளைப் பக்கம் பிறந்த யாருக்கும் ஓலை புதிதல்ல. குருத்தோலை ஞாயிறன்று ஆராதனை முடிவதற்குள் கையிலிருக்கும் ஓலையில் பாதியைச் சிலுவையாக மடித்துவிடும் பிள்ளைகள் எங்கள் ஊரில் ஏராளம். மதினி ஒப்புக்கொண்டார், பெட்டியை நான்தான் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

பெட்டிக்குள் மூன்று அகலங்களில் கீறிய ஓலைப் பட்டைகள், சாயம் ஏற்றிய ஒரு கட்டு, ஒரு பிடி ஈர்க்கு, ஒரு மழுங்கிய ஊசி, சிவப்பு நைலான் நூல், சின்னப் பொட்டலத்தில் குன்றிமணி, நான்காக மடித்த விளக்கத்தாள் ஆகியவை இருக்கின்றன.

ஓலையைப் பற்றி ஆசை தீரச் சொல்ல வேண்டும். விரியாத குருத்தை வெட்டி, நிழலும் வெயிலும் மாற்றிக் காயவைத்த ஓலை என்பது கையில் எடுத்ததுமே தெரிகிறது. வெளிர் சந்தன நிறம். பழுப்புப் புள்ளி அநேகமாக எதிலும் இல்லை. முற்றிய ஓலையாக இருந்தால் மடித்த இடத்தில் முறியும், இது மடிகிறது. ஓலை இயல்பாக அடியில் அகன்று நுனியில் குறுகும். இந்தப் பட்டைகள் தலை முதல் கால் வரை ஒரே அகலமாகக் கீறப்பட்டிருக்கின்றன. அந்த வேலையை வீட்டில் பிளேடை வைத்துச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். பெட்டியைத் திறந்ததும் வந்த மணத்துக்கு என் அத்தை, அதாவது மாமியார், அடுப்படியிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

விளக்கத்தாள் வேறு கதை. நட்சத்திரத்துக்கு ஒன்பது படங்கள் இருக்கின்றன. நான்காவது படத்தில் நான்கு பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டி ஒரு சதுரமாகக் கிடக்கின்றன. ஐந்தாவதில் பாதி நட்சத்திரம் எழுந்து நிற்கிறது. நடுவில் என்ன நடந்தது என்பது வரைந்தவருக்கும் ஆண்டவருக்கும் தெரியும். இது ஃப்ரோபெல் நட்சத்திரம் என்று உலகம் முழுக்க அறியப்பட்ட வடிவம்தான். மழலையர் பள்ளி முறையைத் தொடங்கிய ஜெர்மானியர் ஃபிரெடரிக் ஃப்ரோபெலின் பெயரால் வழங்குவது. நான்கு பட்டைகளில் 16 முனைகள்: எட்டு தட்டையானவை, எட்டு கூம்பாகத் துருத்தி நிற்பவை. காகிதத்தில் செய்யும்போது பட்டையின் நீளம் அகலத்தைப்போல் 25 முதல் 30 மடங்கு வரை இருக்க வேண்டும். பெட்டியில் உள்ள ஒன்றரை சென்டிமீட்டர் பட்டை 45 சென்டிமீட்டர் நீளம், கணக்குச் சரி. ஆனால் தாளில் நட்சத்திரத்துக்கு நேராகப் படம் போட்டிருப்பது இரண்டரை சென்டிமீட்டர் அகலப் பட்டையை. அதுவும் அதே 45 சென்டிமீட்டர்தான். அதில் எப்படி மடித்தாலும் கடைசிக் கூம்புகளுக்கு ஓலை மிஞ்சாது. வாங்குகிறவர்கள் அந்தப் படத்தைப் பேனாவால் அடித்துவிட்டு, நடு அகலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அகலப் பட்டையை மீனுக்கு வைத்துக்கொள்ளலாம்.

தாளில் இல்லாத இன்னும் சில குறிப்புகள். மடிக்கும் முன் ஓலையை ஈரத் துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும். தண்ணீரில் ஊறப்போட்டால் பின்னியபின் காய்ந்து சுருங்கி இடைவெளி விடும். ஓலையின் நார் நீளவாக்கில் ஓடுவதால் குறுக்கே மடிப்பது எளிது, பக்கவாட்டில் இழுத்தால் பிளந்துகொள்ளும். பட்டையின் நுனியைச் சாய்வாக நறுக்கிக்கொண்டால் இறுக்கமான மடிப்புக்குள் நுழைக்க வரும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அத்தை சொன்னார். நான் ஐந்தாவது படத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, “பேப்பரைப் பார்க்காதீர்கள் மாப்பிள்ளை, ஓலையைப் பாருங்கள்” என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவருக்கு ஃப்ரோபெலும் தெரியாது, 25 மடங்கும் தெரியாது. சிறு வயதில் கருப்பட்டி வைக்கக் கொட்டான், அதாவது சின்ன ஓலைப்பெட்டி, முடைந்த கை. நட்சத்திரம் எழுந்து நின்றது.

அதன்பிறகு வேலை அவர் தலைமையில் நடந்தது. தாளில் நட்சத்திரம், மீன், மணி, கிலுகிலுப்பை என நான்கு உருவங்கள் உண்டு. அத்தை அதோடு கிளியையும் விரலளவுக் கொட்டானையும் சேர்த்தார். மணியைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, அது மணியைப்போல் இல்லை. மீன்தான் பிள்ளைகளுக்கு ஏற்றது. பட்டைகளை மேலும் கீழுமாக விட்டு இழுத்தால் உடல் வந்துவிடும், மிஞ்சும் நுனிகளே வால். இறுக்கிப் பின்னினால் வஞ்சிரம், தளர்த்திப் பின்னினால் ஊளி, எப்படிப் பின்னினாலும் மீன்தான். கொட்டானுக்குள் ஒரேயொரு முந்திரிக்கொத்துப் பலகாரத்தை வைத்துத் தொங்கவிடலாம் என்று பெரியவன் யோசனை சொன்னான். எறும்பை நினைத்து அந்தத் தீர்மானம் தள்ளுபடி செய்யப்பட்டது.

கிலுகிலுப்பையில் ஒரு கடுமையான புகார் இருக்கிறது. உள்ளே போட்டுக் குலுக்குவதற்குக் குன்றிமணி கொடுத்திருக்கிறார்கள். சிவப்பும் கறுப்புமாகக் கண்ணைப் பறிக்கும் அந்த விதை நஞ்சு. மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஓலை இழைகளுக்கிடையே ஒன்று நழுவி விழுந்தால் தவழும் குழந்தை முதலில் எடுத்து வாயில் போடுவது அதைத்தான். கைக்குழந்தை வந்துபோகும் வீட்டில், அதுவும் கிறிஸ்துமஸ் சமயத்தில், இது விளையாட்டல்ல. நாங்கள் பொட்டலத்தைப் பிரிக்காமலேயே அப்புறப்படுத்திவிட்டுப் புளியங்கொட்டை போட்டு, வாயை நெருக்கமாகப் பின்னி மூடினோம். சத்தம் இன்னும் நன்றாகவே வருகிறது. குழுவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். வாங்கிய ஒருவர்கூட இதுவரை இதைக் குறையாகச் சொல்லவில்லையாம். அடுத்த தொகுதியில் மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாற்றும்வரை நீங்களே எடுத்துப் போட்டுவிடுங்கள்.

சாயக் கட்டில் பச்சை, மெஜந்தா, மஞ்சள் என மூன்று நிறங்கள். ஈரத் துணியில் சுற்றினால் மெஜந்தா துணிக்கும் விரலுக்கும் ஏறுகிறது, பக்கத்தில் இருக்கும் வெள்ளை ஓலைக்கும் ஏறுகிறது. அதைத் தனித் துணியில் வையுங்கள். பச்சை வீண்: பச்சை மரத்தில் பச்சை மீன் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கிறது. மஞ்சள் இருட்டில் அழுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. சாயமே இல்லாத ஓலையும் ஓரிரண்டு மெஜந்தா கோடுகளும் போதும். கேட்டால் அப்படியே கட்டி அனுப்புகிறார்கள், விலையில் வேறுபாடில்லை.

நைலான் நூலை மதினி பார்த்த பார்வையிலேயே அது குப்பைக்குப் போய்விட்டது. பூக்காரரிடம் வாழைநார் வாங்கி நனைத்துக் கிழித்துக் கட்டினோம். காய்ந்தபின் முடிச்சு நன்றாக இறுகிக்கொள்கிறது, மரத்தோடும் ஒத்துப்போகிறது. ஈர்க்கைக் கிளியின் மூக்குக்கும் கொட்டானின் கைப்பிடிக்கும் பயன்படுத்தலாம்.

எங்கள் ஐந்தடி பிளாஸ்டிக் மரத்தின் கிளை நுனிகள் எதைத் தொங்கவிட்டாலும் வணங்கிவிடும். முன்பு மைதாவும் உப்பும் பிசைந்து சுட்ட வில்லைகளைத் தொங்கவிட்டோம். கனம் ஒரு பக்கம், மார்கழி ஈரத்தை உறிஞ்சி அவை நசநசத்துப்போனது இன்னொரு பக்கம். மேல்நாட்டுக் குளிரில் உலர்ந்து நிற்கும் பண்டம் நம் வடகிழக்குப் பருவமழையில் நிற்காது. ஓலைக்குக் கனமே இல்லை. ஒரே நுனியில் இரண்டு மீன்களை மாட்டினாலும் கிளை அசையவில்லை.

ஆனால் ஓலைக்கும் மழைக்கும் ஆகாது. ஈரத்தோடு பின்னியதை அப்படியே மரத்தில் ஏற்றினால் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து மொட்டை மாடியில் காயவைத்த பிறகே மாட்டுங்கள். விளக்குச் சரத்தில் எல்இடி மட்டும். சூடாகும் பழைய குமிழ் விளக்குகளையும் மெழுகுவர்த்தியையும் காய்ந்த ஓலைக்கு அருகில் விடக் கூடாது. ஜனவரியில் கழற்றியதும் அட்டைப் பெட்டியில் போட்டு, எலுமிச்சைப்புல் எண்ணெய் நனைத்த பஞ்சு ஒன்றையும் உள்ளே வைத்திருக்கிறோம். ஓலைச்சுவடிகளைப் பூச்சியிலிருந்து காக்கப் பூசும் அதே எண்ணெய்தான்.

மரம் எப்படி இருந்தது என்றால், இதுவரை வைத்தவற்றில் இதுவே எனக்குப் பிடித்தது. சின்னவளின் மீன்கள் முன்கிளையில் இருந்தன, அதற்கு யாரும் இரக்கப்பட வேண்டியிருக்கவில்லை. கீதப்பவனிக்கு வந்த பாடகர் குழுவில் ஒரு பெரியவர் கிலுகிலுப்பையைக் கழற்றித் தாளம் போட்டுவிட்டுத் திருப்பி மாட்டினார். மதினி மட்டும், மரத்துக்குப் பளபளப்பு போதாது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது உண்மைதான். பளபளப்பு வேண்டுமென்றால் இந்தப் பெட்டி உங்களுக்கு ஆகாது.

ஒரு பெட்டியில் நடு அகலப் பட்டை சுமார் 20 நட்சத்திரங்களுக்கு வருகிறது, கை பழகும்வரை கெடுவதையும் கழித்துக்கொள்ளுங்கள். அதே குழுவிடம் செய்து முடித்த நட்சத்திரம் ஒன்று 45 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நேரமில்லாதவர்கள் அதை வாங்கலாம், பின்னல் அருமை. தனியாக உட்கார்ந்து செய்ய நினைப்பவருக்கும், பின்னத் தெரிந்த மூத்தவர் எவரும் பக்கத்தில் இல்லாதவருக்கும் இந்தத் தாளை வைத்துக்கொண்டு பரிந்துரைக்க மாட்டேன். மற்றவர்கள் நவம்பர் தொடக்கத்திலேயே சொல்லிவையுங்கள். மழை பிடித்துவிட்டால் அவர்களுக்கும் ஓலை காயாது, டிசம்பர் நடுவில் கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.