வேன் கண்ணாடியில் பசையில்லாப் பண்டிகைப் படங்கள்: சில ஆண்டு அனுபவம்

சிங்கப்பூரின் தேக்காவிலிருந்து பூமாலைகளை வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் எங்கள் வேன் வாடகை வண்டி. பசைத் தடத்தோடு திருப்பிக் கொடுத்தால் வாக்குவாதம்தான். ஆகவே பொங்கல் பானை, தீபாவளிக் கோலம் என்று பருவத்துக்கு ஒன்றாக, பசையில்லாமலே கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் ஸ்டேட்டிக் கிளிங் என்ற பிளாஸ்டிக் தாளில் அச்சடித்து, சில ஆண்டுகளாக மாற்றி மாற்றி ஒட்டி வருகிறேன். ஓரம் தூக்கியதுமே தாள் மட்டம் என்று பலர் குப்பையில் போடுகிறார்கள். எனக்கு மனம் பொறுப்பதில்லை. பெரும்பாலும் குறை, ஒட்டிய இடத்தில்தான் இருக்கிறது.

இந்தத் தாள் வினைல் என்ற மென்மையான பிளாஸ்டிக். அது இடையில் காற்றில்லாமல் கண்ணாடியோடு நெருங்கிப் படிவதுதான் இதன் பிடிப்பு. பெயரில் ஸ்டேட்டிக், அதாவது நிலைமின்னூட்டம், இருந்தாலும் நம் ஊர் ஈரக்காற்றில் அதை நம்பிப் பயனில்லை. எனவே வழவழப்பே எல்லாம். கண்ணாடி விளிம்பில் கறுப்புப் பட்டையும் புள்ளிகளும் இருக்கின்றனவே, அவை உட்புறத்தில் சுட்டுப் பதித்த பூச்சு, தொட்டால் சொரசொரக்கும். படத்தின் மூலை அதன்மேல் ஏறினால் நிற்காது. பின்கண்ணாடியின் உட்புறத்தில் ஓடும் மெல்லிய சூடேற்றுக் கம்பிகளும் அப்படித்தான். அவற்றையொட்டிக் காற்று தங்கி, அங்கிருந்தே உரியத் தொடங்கும்.

அடுத்த சிக்கல் டின்ட், அதாவது வெயிலைத் தடுக்கக் கண்ணாடியில் ஒட்டும் கறுப்புத் தாள். அந்தத் தாளைப் பொதுவாகக் கண்ணாடியின் உட்பக்கத்தில்தான் ஒட்டுவார்கள். சிங்கப்பூரில் பின்பக்கக் கண்ணாடிகள் 25 விழுக்காடு வெளிச்சத்தை விட்டாலே போதும் என்பதால் பல வண்டிகளில் அது நல்ல கறுப்பு. அதற்குப் பின்னால் உள்ளே ஒட்டிய கோலம் தெருவில் யாருக்கும் தெரியாது. புதிய டின்ட் காய்வதற்குள் எதையாவது ஒட்டி உரித்தால் டின்ட்டே கிளம்பி வரலாம். கறுப்பான கண்ணாடிக்கு வெளிப்புறம் ஒட்டும் படம். தெளிவான கண்ணாடிக்கு உள்ளிருந்து ஒட்டும்படி இடவலம் மாற்றி, பின்னால் வெள்ளை மை பூசிய படம். எது வேண்டும் என்பதை அச்சகத்தில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அச்சுக் குறையும் உண்டு. ஒரு தீபாவளிக்கு வாங்கிய படங்கள் ஓரமெல்லாம் சுருண்டிருந்தன. மையின் கரைப்பான் முழுவதும் ஆவியாகும் முன்பே அச்சகத்தார் சுருட்டிக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே தங்கிய கரைப்பான் வினைலை இளக்கி வளைத்துவிடும். இப்போது விரித்துவைத்து ஓர் இரவாவது உலர்த்தித் தரும்படி கேட்டு வாங்குகிறேன். மூலைகளையும் வளைவாக வெட்டித் தரச் சொல்கிறேன். கூர்முனைதான் முதலில் தூக்கும்.

ஒட்டும் முறை எளிது. பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டுக் கலந்த நீரால் கண்ணாடியைத் துடைத்து, நல்ல நீரால் மீண்டும் துடைத்து, லேசாக நீர் தெளித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் தகட்டால் நீரை வழித்துத் தள்ள வேண்டும். மெழுகோ மழைநீர் விலக்கும் பூச்சோ இருந்தால் என்ன தேய்த்தும் வீண். அம்மோனியா கலந்த துடைப்பு நீர் வேண்டவே வேண்டாம். அது டின்ட்டைக் கெடுக்கும்.

பூக்களுக்காக வேனில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டே இருக்கும். ஈரப்பதம் மிகுந்த நாளில் கண்ணாடியின் வெளிப்புறத்தில் பனி படியும். அந்த ஈரம் வெளியே ஒட்டிய படத்தின் விளிம்புக்குள் இறங்கும். டிசம்பர் மழையில் இதை நன்றாகவே பார்க்கலாம். ஆகவே விரைவுச்சாலைக்குப் போகும் முன் ஓரங்களை விரலால் அழுத்திப் பார்ப்பது கட்டாயம். பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவரின் முகத்தில் படம் பறந்து விழக்கூடாது. ஏற்றி இறக்கும் ஜன்னலில் ஒட்டவே ஒட்டாதீர்கள்.

கழற்றியதும் கழுவி, நிழலில் உலர்த்தி, அதனுடன் வந்த பளபளப்பான தாளிலேயே தட்டையாக வைக்க வேண்டும். நாளிதழில் வைத்தால் அதன் மை வினைலில் ஏறிவிடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி வாகன நிறுத்துமிட நிழலில் நிற்கும் வண்டியில் படம் நெடுநாள் உழைக்கிறது. திறந்தவெளி வெயிலில் மென்மை போய், விறைத்து, அளவிலும் சற்றுச் சுருங்குகிறது. விறைத்ததைக் கழுவினாலும் பிடிப்பு மீளாது, புதிது அச்சடிக்க வேண்டியதுதான். ஆண்டு முழுவதும் நிற்க வேண்டிய கடைப் பெயருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குப் பசை வினைல்தான் சரி.