கொட்டாஞ்சேனை மில்லும் கோதுமை சேராத நத்தார் விருந்தும்

கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் சின்ன மாவரைக்கும் மில் ஒன்று இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் ஒரு பழைய தராசு, உள்ளே இரண்டு மெஷின், சுவரோடு ஒரு வாங்கு, அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் யாரிடமாவது "மில் எங்கே?" என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள். வீட்டில் கோதுமை சாப்பிடக் கூடாத ஒருவர் இருக்கிறார், அவரையும் சேர்த்துவைத்து ஒரு பெருநாள் சமையல் செய்யவேண்டும் என்றால், கொழும்பில் நான் முதலில் சொல்லும் இடம் இதுதான். சூப்பர்மார்க்கட்டில் தனித் தட்டில் அடுக்கியிருக்கும் இறக்குமதி மாப்பெட்டிகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

போன நத்தாருக்கு ரொறொன்ரோவிலிருந்து தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். அவனுடைய மகளுக்கு, அதாவது என் மருமகளுக்கு, சீலியாக் நோய். "கொஞ்சம் சாப்பிட்டுப் பாரம்மா, ஒன்றும் செய்யாது" என்று சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் நோயெதிர்ப்புத் தொகுதி தன் சொந்தச் சிறுகுடலையே தாக்கத் தொடங்கும். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடத்தில் படித்த சடைமுளைகள் இருக்கின்றனவே, அவை தேய்ந்து தட்டையாகிவிடும். சாப்பிட்டது உடம்பில் சேராது. குணப்படுத்த மருந்து இல்லை. வாழ்நாள் முழுக்கத் தவிர்ப்பது ஒன்றுதான் வழி. இது புதிதாக வந்த வெளிநாட்டு வருத்தம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னார். அப்படியில்லை. கோதுமைதான் காரணம் என்பதை வில்லெம் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை வைத்தியர் 1950இலேயே தன் ஆய்வேட்டில் காட்டிவிட்டார். ஓர் உணவைக் குளூட்டன் இல்லாதது என்று சொல்வதற்கு கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு வைத்திருக்கும் எல்லை, கிலோவுக்கு 20 மில்லிகிராம். அரிதட்டின் கண்ணில் ஒட்டியிருக்கும் பழைய கோதுமை மாவைக்கூட யோசிக்கவேண்டிய அளவு இது.

"எங்கட சாப்பாடு சோறுதானே, பிறகென்ன?" என்று நிறையப் பேர் கேட்டார்கள். சோறு, பருப்பு, இறைச்சிக் கறி, சொதி, சம்பல் வரைக்கும் அது சரி. நத்தார்ப் பலகாரத்துக்கு வந்தால் கதை வேறு. யாழ்ப்பாணத்து முறையில் முறுக்குக்கு உழுத்தம் மாவோடு அவித்த கோதுமை மாவைக் கலப்போம். இடியப்பம் மெத்தென்று வரவேண்டும் என்று அரிசி மாவில் அவித்த கோதுமை மாவைச் சேர்க்கும் வீடுகள் ஏராளம். கடை இடியப்பத்திலும் அது நடக்கும். பயற்றம் பணியாரத்தைத் தோய்க்கும் கரைசலில் கோதுமை மா. லவ் கேக்கிலும் ரிச் கேக்கிலும் ரவை. ரவையும் கோதுமைதான் என்பது பலருக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. கட்லட்டைப் பாண் தூளில் புரட்டுகிறோம். பற்றிஸ், ரோல்ஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம். சோயா சோஸ் பெரும்பாலும் கோதுமையையும் சேர்த்துப் புளிக்கவைத்தது. கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு கோதுமை மா கலப்பதுண்டு. பிள்ளைகள் காலையில் குடிக்கும் மோல்ட், பார்லியில் செய்தது. கொக்கிஸும் தொதலும் அரிசி மாவிலும் தேங்காய்ப்பாலிலும் ஆனவை, அவற்றை நம்பலாம். ஆனால் பற்றிஸ் பொரித்த எண்ணெயிலேயே கொக்கிஸையும் பொரித்தால் அதுவும் போச்சு.

முதலில் கடைப் பைக்கற்றுகளைத்தான் பார்த்தேன். இறக்குமதி மாவில் வெள்ளை அரிசி மா, உருளைக்கிழங்கு மாப்பொருள், மரவள்ளி மாப்பொருள், சாந்தன் கம் எல்லாம் சேர்ந்திருக்கும். பான்கேக்குக்கு நல்லது, சாதாரண பட்டர் கேக்குக்கும் பரவாயில்லை. இடியப்பத்துக்கு உதவாது: பிசைந்தால் களிபோல் ஒட்டுகிறது, உரலில் பிழிந்தால் நூல் நிற்கவில்லை. விலையும் ஒரு வீட்டுக்குக் கட்டுப்படியாகும் விலை இல்லை. உள்ளூர் அரிசி மாப் பைக்கற்று ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தால், கோதுமையும் பதப்படுத்தும் இடத்தில் பொதிசெய்யப்பட்டது என்று பொடி எழுத்தில் இருந்தது. அப்படி நேர்மையாகப் போட்டிருந்ததற்கு நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். சரி, அரிசியை நாங்களே கழுவி ஊறவைத்து அரைப்பிப்பதுதான் வழி என்று மில்லுக்குப் போனேன்.

மில்லை நடத்துபவர் அறுபது வயது தாண்டியவர், அதிகம் பேசாதவர். ஒரு மெஷினில் மிளகாயும் கறிச்சரக்கும் மட்டும் அரைப்பார். மற்றதில் அரிசி, உழுந்து, குரக்கன், அப்புறம் சத்துமா. பிரச்சினை இந்தச் சத்துமாவில்தான். குழந்தைகளுக்கென்று வறுத்துக் கொண்டுவரும் தானியத்தில் கோதுமையும் பார்லியும் இருக்கும். ஆட்கள் இல்லாத ஒரு பின்னேரம் போய் விஷயத்தை ஆறுதலாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "அப்ப சத்துமா அரைச்ச கல்லிலை அரிசி அரைச்சால் பிள்ளைக்கு வருத்தம் வருமோ?" என்றார்.

"ஓம் அண்ணன், கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் கூடாது."

"அப்ப விடியக் காலமை வாங்கோ ரீச்சர். முதல் அரைப்பு உங்கடை."

எத்தனையோ உணவகங்களில் இதே விஷயத்தைச் சொல்லி, "பிரச்சினையில்லை மேடம்" என்ற அவசரப் பதிலை வாங்கியவள் நான். இவர் கேட்ட அந்த ஒரு கேள்வியிலேயே விஷயம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது என்று தெரிந்தது.

அன்று காலை மருமகளையும் கூட்டிக்கொண்டு போனேன். கனடாவில் வளர்ந்த பிள்ளை, உணவுப் பைக்கற்றின் பின்பக்கத்தை வாசித்தே வளர்ந்த பிள்ளை. மில்காரர் மெஷினின் மூடியைக் கழற்றி, கற்களைத் தூரிகையால் தட்டித் தட்டித் துடைத்தார். மேலே அரிசி கொட்டும் தகரப் பெட்டியையும் உலர்ந்த துணியால் துடைத்தார். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்த நேரத்தில் மருமகள் மெதுவாக, "மாமி, மா வந்து விழுகிற அந்தத் துணி?" என்றாள். மெஷினின் வாயில் கட்டியிருக்கும் துணிக் குழாயைத்தான் சொன்னாள். நாள் முழுக்க அரைக்கும் எல்லா மாவும் அதற்குள்ளால்தான் வருகிறது. நூலுக்கு நூல் மா படிந்திருந்தது. மில்காரர் ஒரு நிமிடம் அதைப் பார்த்தார். பிறகு அவிழ்த்துத் தூரப் போட்டுவிட்டு, அரிசியை வடிக்க நான் கொண்டுபோயிருந்த புதிய வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டினார். இப்போது அந்தத் துணியைக் குழாயாகத் தைத்து எங்கள் வீட்டிலேயே தனியாக வைத்திருக்கிறேன்.

அடுத்ததாக, எங்கள் அரிசியிலேயே இரண்டு சுண்டு அளவை முதலில் ஓடவிட்டு, அந்த மாவைப் பக்கத்தில் ஒதுக்கினார். கல்லின் பள்ளத்தில் மிஞ்சியிருக்கக்கூடியதை அது வாரிக்கொண்டு போய்விடும். ஒதுக்கிய மா அவருடைய கோழிகளுக்கு. அதற்குப் பிறகுதான் சிவப்புப் பச்சையரிசி. கடைசியில் லவ் கேக்குக்காக ஊறவைக்காத வெள்ளைப் பச்சையரிசியைக் கல்லின் இடைவெளியைக் கூட்டி ரவைப் பதத்துக்கு உடைத்துத் தந்தார். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் பொடியாக வேணும்" என்று அவரே சொல்லி மறுபடியும் ஓட்டினார். வேலை தெரிந்தவரின் கை அது.

மாவின் தரத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஈரப்பதத்தோடு அரைத்த மாவை அன்றே புதுத் தாச்சியில் வறுத்து, புது அரிதட்டில் அரித்தேன். பழைய மரக் கரண்டி, பழைய இடியப்ப உரல், பிரம்புத் தட்டுகள் எல்லாம் அந்த வாரம் மேல் தட்டுக்குப் போய்விட்டன. சோப்பு போட்டுக் கழுவினால் எவர்சில்வர் சுத்தமாகும். மரத்தின் பிளவுக்குள்ளும் பிரம்பின் பின்னலுக்குள்ளும் இருப்பது போகாது, சூட்டிலும் குளூட்டன் அழியாது. அவற்றுக்குப் பதிலாகப் புதிய உரலும் தட்டுகளும் வெள்ளவத்தையில் வாங்கினேன்.

இடியப்பம் அருமை. தளதளவென்று கொதிக்கும் நீரை விட்டுப் பிசைந்தால், கோதுமை மா ஒரு துளி இல்லாமலே நூல் மெத்தென்று விழுகிறது. ஆட்டிறைச்சிக் கறியும் சொதியும் விட்டுச் சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சிவப்பரிசியின் வாசனை மட்டும் ஒரு படி கூடுதல். பயற்றம் பணியாரத்துக்கு அரிசி மாவில் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் சேர்த்துத் தோய்த்தேன், நன்றாகவே பிடித்துக்கொண்டது. முறுக்குக்கு அரிசி மா நாலு பங்கு, வறுத்த உழுத்தம் மா ஒரு பங்கு, ஓமம், வெண்ணெய், தேங்காய்ப்பால். பெருங்காயம் மட்டும் போடவில்லை. நல்ல மொறுமொறுப்பு. ஆனால் அவித்த மாவில் வரும் அந்த இளக்கம் இதில் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பல் பலவீனமான பெரியவர்களுக்குக் கொஞ்சம் கடினம். கட்லட்டுக்குப் பாண் தூளுக்குப் பதிலாக அவலைப் பொடித்துப் புரட்டினேன். இனி எப்போதும் அப்படித்தான் செய்வேன், அவ்வளவு நன்றாகப் பொரிந்து வந்தது.

லவ் கேக்தான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. அரிசி ரவையை வாசம் வர வறுத்து, வெண்ணெயோடு கலந்து இரவு முழுக்க ஊறவிட்டேன். அரிசி கோதுமை ரவையைப்போலச் சட்டென்று ஈரத்தை இழுக்காது, அதற்கு நேரம் கொடுக்கவேண்டும். கஜு, முட்டை, சீனி, புகுல் தோசி (நீற்றுப்பூசணி இனிப்பு), பன்னீர், தேன், ஏலம், சாதிக்காய் எல்லாம் வழக்கமான கணக்கு. குறைந்த சூட்டில் ஆறுதலாக வேகவிட்டேன். நடுப்பகுதி லவ் கேக்குக்கு உரிய அந்த ஈரத்தோடு வந்தது. ஓரங்களில் மட்டும் லேசான நறநறப்பு. மறுநாள் அதுவும் தணிந்துவிட்டது. எனக்கு இரண்டாம் நாள் கேக்தான் கூடுதலாகப் பிடித்தது.

விருந்துக்கு வந்த நண்பர்களிடம், சமைத்த சாப்பாடு எதுவும் கொண்டுவர வேண்டாம், பழம் கொண்டுவாருங்கள் என்று முன்பே சொல்லிவிட்டேன். எங்கள் ஊர் வழக்கத்தில் அப்படிச் சொல்வது சங்கடம்தான். காரணத்தைச் சொன்னபோது ஒருவரும் மனவருத்தப்படவில்லை. மேசையில் இருந்த எல்லாச் சாப்பாடும் எல்லாருக்கும். இது உனக்கு, அது மற்றவர்களுக்கு என்று பிரிக்கவில்லை. மருமகள் ஒரு தட்டையும் பார்த்து "இதில் என்ன இருக்கு?" என்று கேட்கவில்லை. கையை நீட்டி எடுத்தாள், இரண்டாம் முறையும் எடுத்தாள். அதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இன்னொரு விஷயம். நள்ளிரவுப் பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பம் கோதுமையில் செய்தது. குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது என்றும், குளூட்டன் குறைந்த அப்பத்தைப் பயன்படுத்தலாம் என்றும் வத்திக்கான் 2017இல் வெளியிட்ட சுற்றுமடல் மீண்டும் சொல்லியிருக்கிறது. திராட்சை இரசத்தை மட்டும் பெறவும் அனுமதி உண்டு. எங்கள் பங்குத் தந்தையிடம் முன்கூட்டியே சொன்னோம். அப்பத்தின் துண்டு போடாத தனி இரசக் கிண்ணம் ஒன்றை அவளுக்காக ஒழுங்குபடுத்தினார். பூசைக்கு முதல் நாள் ஓடிப்போய்க் கேட்காமல், ஒரு வாரமாவது முந்திச் சொல்லுங்கள்.

மில்லின் குறைகளுக்கு வருகிறேன். ஆய்வுகூடச் சான்றிதழ் எதுவும் அங்கே இல்லை, எதிர்பார்க்கவும் முடியாது. கண்முன்னே சுத்தம் செய்தார், நாங்கள் பார்த்தோம், மருமகள் தானே பார்த்துத் தீர்மானித்தாள், பிறகு அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. என்னால் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அந்தத் தீர்மானத்தை நோயுள்ளவர்தான் எடுக்கவேண்டும், அவருக்காக வேறொருவர் எடுக்கக் கூடாது. மிகக் கடுமையாகப் பாதிக்கப்படுபவர் என்றால் வீட்டிலேயே ஒரு சின்ன அரைக்கும் மெஷின் வாங்கிவைப்பது நல்லது. இடம் நெருக்கம், மிளகாய் நெடி தாங்காதவர்கள் வெளியே நிற்கவேண்டும். மா அரித்துக் கிடைக்காது, வறுத்தும் கிடைக்காது. தொலைபேசியில் நேரம் ஒதுக்கும் வழக்கமும் இல்லை, நேரில் போய்த்தான் சொல்லவேண்டும். கூலியோ மிகக் குறைவு. மெஷினைத் துடைத்ததற்கென்று மேலதிகமாகக் கொடுத்ததை அவர் வாங்க மறுத்தார். கோழிக்கு மா கிடைத்ததே போதும் என்றார்.

போகிறவர்கள் முதல் நாள் பின்னேரமே போய், மறுநாள் முதல் அரைப்பு வேண்டும் என்றும் காரணம் என்ன என்றும் சொல்லிவிட்டு வாருங்கள். வெறுமனே "சுத்தமாக அரைத்துத் தாருங்கள்" என்றால் போதாது. அரிசியை முதலில் கல் பொறுக்கிக் கழுவி, சில மணி நேரம் ஊறவைத்து, நன்றாக நீர் வடித்துக்கொண்டு போங்கள். நீர் சொட்டினால் கல்லில் அப்பிக்கொள்ளும். முதலில் ஓடவிட மேலதிகமாக இரண்டு சுண்டு அரிசி, வாயில் கட்டப் புதிய துணிக் குழாய், மூடி இறுக்கமான பாத்திரம் ஆகியவை கட்டாயம். உழுந்தும் அரைப்பதானால் அரிசிக்குப் பிறகு அதே ஓட்டத்தில் அரைத்துவிடுங்கள், மறுபடியும் துடைக்கும் வேலை இல்லை. நத்தாருக்கு என்றால் டிசம்பர் முதல் கிழமையிலேயே முடித்துவிடுவது நல்லது. அதற்குப் பிறகு சந்து முழுக்க வாளியும் பையுமாக ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அந்த நெருக்கடியில் கல்லைக் கழற்றித் துடைக்கச் சொல்லி அவரிடம் கேட்பது நியாயமில்லை.